சக்கை: குமரி மாவட்டத்தின் ஒரு சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலாப்பழம்தானா?

ஆமாம். மார்த்தாண்டம், கருங்கல், குலசேகரம், தக்கலை என்று எந்தச் சந்தையில் கேட்டாலும் சக்கை என்றால் பலாதான். காயாக இருந்தாலும் சக்கை, பழுத்தாலும் சக்கை. பிஞ்சாக இருந்தால் இடிச்சக்கை. அதைக் கொத்தித் தேங்காய் சேர்த்துத் துவரன் வைப்பார்கள். விளைந்த காயின் சுளையை எண்ணெயில் பொரித்தால் சக்கை வற்றல், பழத்தை வெல்லம் போட்டுக் கிளறினால் சக்கை வரட்டி. பழத்தோடு அரிசி மாவு பிசைந்து வயணை இலையில் பொதிந்து அவித்தால் சக்கை அப்பம். கொட்டையை மாங்காயோடு சேர்த்துக் குழம்பு வைப்பார்கள். பங்குனி, சித்திரை முதல் ஆடி வரை மேற்குப் பக்கத்து வீடுகளில் ஏதோ ஒரு வடிவில் சக்கை அடுப்பில் இருக்கும்.

மற்ற மாவட்டத்துக்காரர்கள் அந்தச் சொல்லைக் கேட்டு ஏன் திகைக்கிறார்கள்?

அவர்களுக்குச் சக்கை என்றால் சாறு போனபின் மிஞ்சுவது. கரும்புச் சக்கை, பிழிந்த தேங்காய்ச் சக்கை. உழைத்துக் களைத்தவன் 'என்னைச் சக்கையாகப் பிழிந்துவிட்டார்கள்' என்பான். விஷயம் இல்லாத பேச்சையும் வெறும் சக்கை என்று ஒதுக்குவார்கள்.

நான் மதுரையில் விடுதியில் தங்கிப் படித்த முதல் வருடம், ஊருக்குப் புறப்படும்போது அறைத் தோழர்களிடம், "எங்க வீட்டுல நெறையச் சக்கை கெடக்கு, வரும்போது உங்களுக்கும் கொண்டு வரட்டா?" என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. கழித்துப் போட்டதைக் கொண்டுவந்து தருகிறேன் என்கிறானே என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். திரும்பி வரும்போது ஒரு முழு வருக்கையை, அதாவது கெட்டிச் சுளைச் சக்கையை, பேருந்தில் சுமந்து வந்தேன். அறைக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசனை போய்விட்டது. அன்றிலிருந்து அந்த அறையில் எல்லோரும் அதைச் சக்கை என்றுதான் சொன்னார்கள். இந்தச் சொல்லைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அப்போதுதான்.

பொதுத் தமிழிலும் சக்கைக்கு ஒரே பொருள் இல்லை. ஒரு படம் நன்றாக ஓடினால் 'சக்கைப்போடு போடுகிறது' என்கிறோம். அங்கே குப்பை என்ற எண்ணமே கிடையாது. ஈழத்துப் பேச்சு வழக்கில் வெடிமருந்துக்கும் சக்கை என்ற பெயர் உண்டு. அதனால் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும் குலசேகரத்துக்காரர் ஒருவரும் இந்தச் சொல்லைச் சொல்லும்போது இருவர் மனதிலும் தோன்றும் படங்கள் முழுக்க வேறு வேறு.

அப்படியானால் குமரியில் 'பலா' என்ற சொல்லே கிடையாதா?

உண்டு, அதன் இடம் வேறு. மரத்துக்குப் பெயர் பிலாவு அல்லது பிலா மரம். இலைக்குப் பெயர் பிலாவிலை. ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது பிலாவிலை. கஞ்சி குடிக்க மடக்கி, ஈர்க்கு குத்திக் கரண்டியாக்கிக் கொள்வதும் பிலாவிலைதான். அந்த இலைக் கரண்டியில் அள்ளிய சுடுகஞ்சிக்கு ஒரு தனி மணம் இருக்கும். எங்கள் அம்மச்சி கடைசிவரை எவர்சில்வர் கரண்டியை அதற்குத் தொட்டதில்லை.

ஆக, நிற்பது பிலாவு, அதில் தொங்குவது சக்கை. தென்னையில் தேங்காய் காய்க்கிறது என்று மரத்துக்கும் காய்க்கும் தனிப் பெயர் வைத்துச் சொல்வது போலத்தான் இதுவும். மலையாளத்திலும் இதே பங்கீடுதான்: மரம் பிலாவு, பழம் சக்க. தமிழகத்தின் மற்ற பகுதிகளில் பலா என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. இலங்கைத் தமிழர்கள் பிலாப்பழம் என்கிறார்கள். அவர்கள் நாக்கில் இருக்கும் பிலா எங்கள் நாக்கிலும் இருக்கிறது.

சக்கை மலையாளச் சொல்தானே? தமிழில் அது கலப்புதானே?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள், பெரும்பாலும் குறை சொல்லும் குரலில். மலையாளத்தில் பலாப்பழத்துக்குச் சக்க என்பதுதான் பெயர் என்பது உண்மை. ஆனால் அதனால் குமரித் தமிழன் கடன் வாங்கிப் பேசுகிறான் என்று ஆகிவிடாது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அன்று மாறியது நிர்வாகம். பிலாவு மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன, அவற்றின் பெயரும் அப்படியே. களியக்காவிளை சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம் தமிழ் பேசும் அம்மாவும் அந்தப் பக்கம் மலையாளம் பேசும் அம்மாவும் தலைமுறை தலைமுறையாக ஒரே சந்தைகளில் வாங்கி விற்றவர்கள். தமிழும் மலையாளமும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. அந்த நிலப்பரப்பில் வழங்கிய ஒரு சொல் இரண்டு கிளையிலும் தங்கியிருக்கிறது. எல்லைக்கோடு வந்தபின் ஒரு பக்கத்தாருக்கு மட்டும் அதை எழுதிக் கொடுப்பது சரியல்ல.

இந்தச் சொல்லை வெட்கத்தோடு மறைத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். உலகத்தில் பல மொழிகளில் இந்தப் பழத்துக்குச் சொல்லும் பெயர் இந்தக் கரையிலிருந்து போனது. அது எப்படிப் போனது என்பதை அடுத்த கேள்விகளில் சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஜாக் என்பது ஓர் ஆங்கிலேயரின் பெயர் என்கிறார்களே?

வில்லியம் ஜாக் என்ற ஸ்காட்லாந்து தாவரவியலாளரின் பெயரால்தான் ஜாக்ஃப்ரூட் வந்தது என்று ஒரு கதை சுற்றிவருகிறது. அப்படி ஒருவர் இருந்தது உண்மை. வங்காளத்திலும் சுமத்ராவிலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வேலை செய்தவர். 1795இல் பிறந்து 1822இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். ஆனால் பெயர் அவருக்கு வெகுகாலம் முந்தியது.

கார்சியா தெ ஓர்த்தா என்ற போர்ச்சுகீசிய மருத்துவர் கோவாவில் 1563இல் அச்சிட்ட மருந்துச் செடிகள் பற்றிய நூலில், இந்தப் பழத்தை மலபாரில் ஜாக்கா என்றும் கன்னடப் பகுதியிலும் குஜராத்திலும் பனஸ் என்றும் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறார். நம் சக்கை போர்ச்சுகீசிய நாக்கில் ஜாக்காவானது. அதிலிருந்துதான் ஆங்கிலத்தின் ஜாக், பிரெஞ்சின் ஜாக், ஸ்பானிய மொழியின் யாக்கா எல்லாம்.

இன்னொரு சாட்சி ராபர்ட் நாக்ஸ். கண்டி அரசரிடம் பத்தொன்பது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து தப்பிய ஆங்கிலேய மாலுமி. இலங்கையைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1681இல் வெளிவந்தது. அதிலேயே 'நாங்கள் ஜாக் என்று அழைக்கும் பழம்' என்று வருகிறது. வில்லியம் ஜாக் பிறப்பதற்கு 114 ஆண்டுகள் முன்பு!

டச்சுக்காரரான வான் ரீட் கொச்சியில் ஆளுநராக இருந்தபோது தொகுத்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்ற பன்னிரண்டு தொகுதி நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. அதில் இந்த மரத்தின் பெயர் 'சக்க மரம்' என்றே இருக்கிறது. லத்தீன் நூலுக்கு நடுவே மரம் என்ற நம் சொல் அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷம்தான்.

சரி, லாரியைத் தூக்கும் ஜாக்கி, சீட்டுக்கட்டு ஜாக் இவையும் அதே சொல்லா?

இல்லை. அவை எல்லாம் ஜான் என்ற ஆண்பெயரைச் செல்லமாக அழைக்கும் ஜாக்கிலிருந்து வந்தவை. வேலையாள், சாதாரண ஆள் என்ற பொருள் ஏறி, ஆள் செய்யும் வேலையைச் செய்யும் கருவிக்கும் அந்தப் பெயர் போயிற்று. பழத்தின் ஜாக் மட்டும் தனி ஆள், அது நம் ஊர்க்காரன். எழுத்து ஒன்றாக இருப்பதால் ஆங்கிலேயர்களே குழம்பி, பழத்துக்கும் ஒரு மனிதரைத் தேடியிருக்கிறார்கள்.

போர்ச்சுகீசியர் வருமுன் வெளிநாட்டார் யாரும் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறார்களா?

கேட்டிருக்கிறார்கள், அதுவும் எங்கள் பக்கத்து ஊரிலேயே. கொல்லத்துக்கு ஆயராக நியமிக்கப்பட்ட ஜோர்தானுஸ் என்ற துறவி 1330ஐ ஒட்டி லத்தீனில் எழுதிய குறிப்புகளில் 'சாக்கி' என்ற மிகப் பெரிய பழம் வருகிறது. ஒரு பழம் ஐந்து பேருக்குப் போதும் என்கிறார். அடுத்து அதைப் போலவே பெரிய, இனிப்பான இன்னொன்று, பெயர் 'புளோக்கி' என்கிறார்.

அதே நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த மொராக்கோ பயணி இப்னு பதூதாவும் இரண்டு பெயர் சொல்கிறார்: ஷகி, பர்கி. பழம் நேராக அடிமரத்திலேயே காய்க்கிறது, தரைக்கு அருகில் காய்ப்பது பர்கி, அதுவே அதிக இனிப்பு என்பது அவர் கணக்கு. கொல்லத்தில் தங்கியிருந்த மரிஞொல்லி என்ற இத்தாலியத் துறவி இரண்டையும் சேர்த்து 'சக்கெபருகெ' என்றே எழுதிவிட்டார்.

குமரிக்காரர் ஒருவருக்கு இதைப் படித்தவுடன் காதில் என்ன விழும்? சக்கை, வருக்கை! புளோக்கியும் பர்கியும் பருகெயும் நம் வருக்கை என்ற சொல்லை அயல்நாட்டுக் காதுகள் கேட்ட விதம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பு கொல்லத்துச் சந்தையில் யாரோ ஒருவர் பழத்தைத் தட்டிக்காட்டி 'இது வருக்கை' என்று சொல்லியிருக்க வேண்டும். இன்று மார்த்தாண்டம் சந்தையிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வருக்கை, கூழன் என்றால் என்ன?

வருக்கை என்பது கெட்டிச் சுளை. கடித்தால் மொறுமொறுவென்று இருக்கும், வெட்டக் கத்தி வேண்டும். கூழன் என்பது குழைந்த சுளை. நன்றாகப் பழுத்தால் கையாலேயே பிளந்துவிடலாம், சுளை வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும். வருக்கைக்குத்தான் மதிப்பும் விலையும். ஆனால் வரட்டிக்கும் அப்பத்துக்கும் கூழனின் சாறும் மணமும் நன்றாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம். கூழனைக் கீழாகப் பேசுவது எனக்கு ஒப்புதல் இல்லை.

வருக்கை பழைய தமிழ்ச் சொல். சிங்களத்தில் கெட்டிச் சுளைப் பழத்துக்கு வரக்க என்றும் குழைந்ததற்கு வெல என்றும் பெயர். பிஞ்சு பொலொஸ், சமைக்கும் காய் கொஸ். ராபர்ட் நாக்ஸ் தன் புத்தகத்தில் இந்த நான்கு பெயரையும் கேட்டபடி எழுதி வைத்திருக்கிறார். அவர் கண்டியில் கேட்ட வரக்கவும் எங்கள் வருக்கையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

அன்னாசிப் பழத்தையும் சக்கை என்கிறார்களே, அது எப்படி?

கைதச்சக்கை! இந்தச் சொல்லின் கதையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

கைதை என்றால் தாழை. ஆற்றங்கரையில் வேலியாக நிற்கும், முள் விளிம்பு வைத்த நீண்ட இலைச் செடி. அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தது. அன்னாசி என்ற பெயரும் அங்கிருந்த தூப்பி மொழிக்காரர்களுடையதுதான், பழத்தோடு கப்பலேறி வந்தது. இந்தக் கரையிலிருந்தவர்கள் புதுச் செடியைப் பார்த்தார்கள். இலை தாழை மாதிரி, பழம் சக்கை மாதிரி. கைதச்சக்கை என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அப்படி வைத்த பெயர்கள் இன்னும் இருக்கின்றன. ஈரப்பலா எங்களுக்குச் சீமைச்சக்கை, சிலருக்குக் கடச்சக்கை. கடல் கடந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. சீத்தாப்பழத்தின் இனத்தைச் சேர்ந்தது ஆத்தச்சக்கை. காட்டிலும் பழைய வீட்டுக் கொல்லையிலும் நெடுநெடுவென்று வளரும் அயினி மரத்தில் காய்ப்பது அயினிச்சக்கை. மேலே மெல்லிய முள், உள்ளே ஆரஞ்சு நிறத்தில் விரல் நுனி அளவுச் சுளைகள். சிறு பிள்ளைகள் அணிலோடு போட்டி போட்டுப் பொறுக்கித் தின்ற பழம் அது. அயினிக்கு ஆஞ்சிலி என்றும் பெயர். வள்ளம் செய்யவும் வீட்டுக்கு உத்தரம் போடவும் அதை மிஞ்சிய மரம் இல்லை என்பார்கள் ஆசாரிமார். ஆங்கிலேயரும் அந்தப் பெயரை ஏஞ்சலி என்று எடுத்துக்கொண்டார்கள்.

இப்போது தாவரவியலைப் பாருங்கள். பலா, ஈரப்பலா, அயினி, அன்னாசி நான்கும் கூட்டுக்கனிகள். ஒரு பூ ஒரு பழமாவதில்லை, ஒரே தண்டில் நெருங்கிப் பூத்த பல பூக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பழமாகின்றன. சக்கையின் ஒவ்வொரு சுளையும் ஒரு பூவிலிருந்து வந்தது, அன்னாசியின் ஒவ்வொரு கண்ணும் அப்படியே. ஆத்தச்சக்கை கொஞ்சம் வேறு. அது ஒரே பூவின் பல சூலகங்கள் சேர்ந்தது. ஆனால் வெளியே பார்த்தால் அதே செதிலும் முடிச்சும்தான். பலாவும் அன்னாசியும் உறவே இல்லாத இரண்டு குடும்பங்கள். அப்படியிருந்தும், தோல் முழுக்கக் கண் வைத்து, உள்ளே பல சேர்ந்து ஒன்றாக இருப்பதெல்லாம் சக்கை என்று நம் முன்னோர் ஒரு வகுப்பே பிரித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களை வைத்தவர்கள் பழத்தைக் கையில் எடுத்து நன்றாகப் பார்த்தவர்கள்.

பலா என்ற சொல்லுக்கு உறவுகள் உண்டா?

உண்டு. சங்கப் பாடல்களில் பலவு. மலையாளத்தில் பிலாவு. கன்னடத்தில் பழைய பலசு, இப்போது ஹலசு. பகரம் ஹகரமாவது கன்னடத்தின் வழக்கம், பால் ஹாலு ஆனது போல. தெலுங்கில் பனச, மராத்தியில் ஃபணஸ், ஒடியாவில் பணச. வடமொழிப் பனசமும் திராவிடத்திலிருந்து போனது என்று கருதும் மொழியியலாளர்கள் இருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் சுவாஹிலி பேசுகிறவர்கள் இதை ஃபெனெசி என்கிறார்கள். இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போன பாய்மரக் கப்பல்களை நினைத்தால் அந்த ஓசை எங்கிருந்து வந்தது என்று புரியும். இந்தியில் கட்டஹல், வங்காளியில் காட்டால். இவை முள்ளைக் குறிக்கும் கண்டகம் என்ற வடசொல்லோடு சேர்ந்தவை. மலாய் மொழியில் நங்கா, பிலிப்பைன்ஸில் லங்கா. அவை வேறு குடும்பம்.

ஆக உலக வரைபடத்தில் பலாவின் உறவான பனசம் ஒரு பாதையில் வடக்கேயும் ஆப்பிரிக்காவுக்கும் போயிருக்கிறது. சக்கை இன்னொரு பாதையில் ஐரோப்பாவுக்கும் பிரேசிலுக்கும் போயிருக்கிறது. பிலாவும் சக்கையும் இன்றும் பக்கத்துப் பக்கத்தில், மரத்துக்கு ஒன்று பழத்துக்கு ஒன்று என்று, குமரி வீட்டு முற்றத்தில் இருக்கின்றன.

ரோமானியர்கள் பலாவை அறிந்திருந்தார்களா?

முதல் நூற்றாண்டில் பிளினி எழுதிய நூலில் இந்திய ஞானிகள் உண்ணும் ஒரு பழம் வருகிறது. மரத்தின் பெயர் பாலா, ஒரு பழம் நான்கு பேருக்குப் போதும் என்கிறார். பெயரையும் அளவையும் பார்த்தால் நம் பலா என்று துள்ளத் தோன்றும். ஆனால் அந்த மரத்தின் இலை பறவையின் சிறகு போல, மூன்று முழ நீளம், இரண்டு முழ அகலம் என்றும் சொல்கிறார். பலா இலை ஒரு கையளவுதான் இருக்கும். அது வாழை என்று சொல்வோர் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது. கேள்விப்பட்ட இரண்டு மரங்களை ஒன்றாக்கி எழுதியிருக்கவும் கூடும்.

சீனர்கள் என்ன சொல்கிறார்கள்?

போலோமி. இதே எழுத்தொலிகளால்தான் பௌத்த நூல்களில் வரும் பாரமிதை என்ற சொல்லையும், அதாவது அறத்தின் முழுநிறைவை, சீனத்தில் எழுதினார்கள். கடைசி எழுத்து மி என்பதற்குத் தேன் என்று பொருள். ஜப்பானியரும் பாரமித்ஸு என்கிறார்கள். ஒரு பழத்துக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு எங்கும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

பிரேசிலிலும் சக்கை உண்டா?

உண்டு. போர்ச்சுகீசியர் கொண்டுபோய் நட்டார்கள். பழம் ஜாக்கா, மரம் ஜாக்கெய்ரா. ரியோ டி ஜெனிரோவின் திஜுகா காட்டில் அது தானாகவே முளைத்துப் பரவி, உள்ளூர் மரங்களுக்கு இடைஞ்சலாகும் அளவுக்குப் பெருகிவிட்டது. அங்கே ஒருவர் அளவு மீறிக் குடித்தாலோ தின்றாலோ 'ஜாக்காவுக்குள் காலை விட்டுவிட்டான்' என்பார்கள். பழுத்த கூழனை ஒரு முறையாவது மிதித்தவருக்கு அந்தச் சொலவடையை விளக்க வேண்டியதில்லை.

வேறு மொழிகளில் சக்கை போல ஒலிக்கும் சொற்கள் எல்லாம் இதன் உறவா?

அப்படி நினைத்துவிடக் கூடாது. மராத்தியில் சக்கா என்றால் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர். அதில்தான் ஸ்ரீகண்ட் செய்வார்கள். இந்தியில் சக்கா என்றால் சக்கரம். சாலை மறியலைச் சக்கா ஜாம் என்பது அதனால்தான். கன்னடத்தில் சக்கெ என்றால் மரச் சிராய், பட்டை. மசாலாக் கடையில் கேட்டால் கறுவாப்பட்டை தருவார்கள். தெலுங்கில் செக்க என்றால் பலகை, பட்டை. ஜப்பானிய மொழியில் சக்கா என்றால் தீப் பற்ற வைப்பது.

தீப் பற்ற வைப்பதற்கும் ஈழத்து வெடிமருந்துச் சக்கைக்கும் தொடர்பு இருக்குமோ என்று ஒரு நண்பர் ஆர்வமாகக் கேட்டார். இல்லை. ஜப்பானியச் சொல் 'பற்று', 'தீ' என்ற இரண்டு சீன எழுத்துகள் சேர்ந்தது. மனித வாய் உண்டாக்கும் ஓசைகள் கொஞ்சம்தான், அதனால் இப்படித் தற்செயலாக மோதிக்கொள்ளும். ஒரு சொல்லுக்கு உறவு சொல்ல வேண்டுமானால், அது எந்தத் துறைமுகத்தில் ஏறி யார் ஏட்டில் எந்த ஆண்டு இறங்கியது என்று காட்ட முடிய வேண்டும். ஜாக்காவுக்கு அது முடிகிறது, அதனால்தான் அதை அடித்துச் சொல்கிறேன்.

சக்கையை வைத்துப் பழமொழிகள் உண்டா?

நிறைய. 'வேணுமெங்கில் சக்கை வேரிலும் காய்க்கும்' என்பது எங்கள் வீட்டில் தினமும் கேட்டது. மனம் வைத்தால் எதுவும் நடக்கும் என்று பொருள். வேலை செய்யாமல் சாக்குச் சொல்லும் பிள்ளையிடம் அம்மச்சி, "மக்களே, வேணுமெங்கில்..." என்று ஆரம்பிப்பார், மீதியை நாங்களே சொல்லி முடிப்போம். 'சக்கை விழுந்து முயல் செத்தது' என்றால் குருட்டு அதிர்ஷ்டம், மறுபடி நடக்காது. 'அழகுள்ள சக்கையில் சுளை இருக்காது' என்பது வெளித்தோற்றத்தை நம்பாதே என்பதற்கு. மூன்றும் மலையாளத்திலும் வழங்குகின்றன.

வேரில் காய்ப்பது வெறும் பேச்சல்ல, உண்மையிலேயே காய்க்கும். குறுந்தொகையின் 18ஆம் பாட்டில் கபிலர் 'வேரல் வேலி வேர்க்கோட் பலவின்' என்று தொடங்குகிறார். வேரிலே குலை குலையாகக் காய்த்திருக்கும் பலா. தலைவனின் மலையில் அப்படி, மூங்கில் வேலிக்குள் காவலாக. தலைவியின் நிலைமைக்கு வரும்போதோ சிறிய கொம்பில் பெரிய பழம் தொங்குகிறது: உயிர் சிறியது, காமம் பெரியது. தரையில் தங்கும் பழம் பத்திரம், மெல்லிய கிளையில் தொங்கும் பழம் எப்போது விழுமோ என்ற பயம். பிலாவு நிற்கும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் உரை இல்லாமலே புரியும். கிளை மளமளக்கும் ஓசை கேட்டால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சக்கை என்று எழுதலாமா?

என் தங்கை மகள் மூன்றாம் வகுப்பில் 'எனக்குப் பிடித்த பழம் சக்கை' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 'பலா' என்று திருத்தியிருந்தார்கள், அரை மதிப்பெண் போயிற்று. மதிப்பெண்ணை விடுங்கள். மாலையில் வீட்டுக்கு வந்தவள், "மாமா, சக்கை கெட்ட வார்த்தையா?" என்று கேட்டாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே அந்தக் கேள்வியால்தான்.

தேர்வில் பொதுத்தமிழ்ச் சொல்லை எழுதச் சொல்வதில் தவறில்லை. பலா தமிழ்நாட்டின் மாநிலப் பழம், அரசுத் தாள்களில் அந்தப் பெயர்தான் இருக்கும். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகமும் பலா ரகம் என்றுதான் அழைக்கப்படுகிறது. எல்லைக்கு அப்பால் 2018இல் கேரளமும் இதையே மாநிலப் பழமாக அறிவித்தது, சக்க என்ற பெயரில். ஆசிரியர் 'பலா என்பதும் இதுதான்' என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் போதும். பிள்ளைக்கு இரண்டு சொல்லும் கிடைத்திருக்கும். நான் அவளிடம் உலகப் படத்தை விரித்து கொல்லம், கோவா, லிஸ்பன், ரியோ என்று விரல் வைத்துக் காட்டினேன். அடுத்த நாள் வகுப்பில் அவள் அதைச் சொன்னாளாம். ஆசிரியையும் நின்று கேட்டாராம்.

வெளியூரிலிருந்து வருகிறோம். சந்தையில் எப்படிக் கேட்டு வாங்குவது?

"வருக்கையா, கூழனா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், விற்கிறவர் முகம் மாறிவிடும். பழுத்திருக்கிறதா என்று பார்க்க மூக்கை நம்புங்கள். அப்புறம் விரலால் தட்டிப் பாருங்கள், பழுத்தது மந்தமாக ஒலிக்கும். அன்றே தின்ன வேண்டுமா, இரண்டு நாள் கழித்தா என்று சொன்னால் அவர்களே எடுத்துத் தருவார்கள். முழுதாக வேண்டாம் என்றால் கால் பாகம் வெட்டித் தரும் கடைகளும் இருக்கின்றன. வீட்டில் வெட்டுவதானால் கத்தியிலும் கையிலும் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், கீழே பழைய சாக்கு விரியுங்கள். பால் ஒட்டிய பிறகு எண்ணெய் தேடி ஓடினால் கதவுப்பிடியெல்லாம் பிசின்தான்.